சைக்கிளைப் பார்க்கப் போனோம், கம்பியைப் பார்த்துவிட்டு வந்தோம்: ஜார்ஜ் டவுன் சுவர் ஓவிய நடை

முதலிலேயே கணக்கை முடித்துவிடுகிறேன். பினாங்கு ஜார்ஜ் டவுனில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இரண்டரை மணி நேரம் சுவர் ஓவியங்களைச் சுற்றிக் காட்டும் நடை, தலைக்கு 65 வெள்ளி (ரிங்கிட்), பிள்ளைகளுக்குப் பாதி. நான், மனைவி, பத்து வயது மகன், அத்தை (மனைவியின் அம்மா) என்று நாலு பேர் போனோம். அந்தக் காசுக்கு அந்த நடை தேறாது. சுவர்கள் தேறும், தாராளமாகத் தேறும், ஆனால் சுவர்களைப் பார்க்க யாருக்கும் ஒரு சென்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

நடத்தியவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. சின்ன ஆட்கள், ஹோட்டல் மேசையில் துண்டுத்தாள் வைத்துப் பிழைக்கிறார்கள், என் எரிச்சலைக் கொட்டி அவர்கள் பிழைப்பில் மண் அள்ளிப் போடுவானேன். வழிகாட்டியாக வந்த சீனத் தம்பியும் நல்லவர்தான், கையில் மஞ்சள் குடை, வாய் ஓயாத பேச்சு, அத்தை பின்தங்கும்போதெல்லாம் "ஆன்ட்டி, ஸ்லோ ஸ்லோ" என்று நின்று கூட்டிப் போனார். கோளாறு அவரிடம் இல்லை, அவர் கையிலிருந்த பட்டியலில். பதினாலு ஓவியம், இரண்டரை மணி நேரம், நடுவில் ஒரு நினைவுப்பொருள் கடையில் இருபத்தைந்து நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஓர் ஓவியத்துக்கு ஒன்பது நிமிடம்கூட வராது, அதில் ஐந்து நிமிடம் நடை.

சரி, ஓவியத்துக்கு வருவோம்.

லெபோ ஆர்மேனியனில் (லெபோ என்றால் மலாயில் தெரு) இருக்கிற அந்தச் சைக்கிள் பிள்ளைகளைப் பார்க்காத மலேசியர் இருக்க முடியாது. நேரில் பார்க்காதவர்கள்கூட டி-சட்டையிலும் குளிர்பெட்டி காந்தத்திலும் சாவிக்கொத்திலும் பார்த்திருப்பீர்கள். அக்கா சைக்கிள் ஓட்டுகிறாள், பின்னால் தம்பி அவளைக் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து சிரிக்கிறான். பிள்ளைகள் வரைந்தவை, சைக்கிள் நிஜம், சுவரோடு பொருத்தி வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது ஒன்பதே கால். வரிசையில் முப்பது பேராவது இருந்தார்கள். ஒவ்வொருவரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு படம், பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவதுபோல் ஒரு படம், பிறகு துணையோடு ஒரு படம். எங்கள் முறை வந்ததும் வழிகாட்டித் தம்பி எங்கள் கைப்பேசியை வாங்கி டப் டப்பென்று நாலு எடுத்துக் கொடுத்துவிட்டு "நெக்ஸ்ட்!" என்றார். பல் டாக்டர் வீட்டுக்குப் போனதுபோல இருந்தது.

அந்த நாலு படத்தையும் ஹோட்டலில் வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் சுவரே கண்ணில் பட்டது. சுவர் வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, பழைய வேட்டி நிறம். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் செம்மண் நிறத்தில் செங்கல் தெரிகிறது. பிள்ளையின் சட்டையில் பாதி, ஓவியர் தீட்டிய நிழலா, சுவரின் சொந்த அழுக்கா என்றே சொல்ல முடியவில்லை. அங்கேதான் ஐயா சூட்சுமமே இருக்கிறது. புதிதாய்ச் சிமெண்டு பூசி வழவழவென்று இருக்கிற ஒரு சுவரில் இதே பிள்ளைகளை இதே மாதிரி வரைந்து பாருங்கள், பாலர் பள்ளிச் சுவர் மாதிரி இருக்கும்.

வரைந்தவர் எர்னஸ்ட் ஸக்காரெவிச், லித்துவேனியாவில் பிறந்தவர், லண்டனில் ஓவியம் படித்தவர். 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்த தொகுதி இது. நகரம் 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது, அந்த விழா 2010-இல் தொடங்கியது, இரண்டே வருடத்தில் ஒரு வெளிநாட்டுப் பையன் தூரிகையோடு வந்து நாலைந்து தெருவில் பிள்ளைகளை வரைந்து வைக்க, நகரத்தின் முகமே மாறிப்போனது. அதற்குப் பிறகு ஈப்போ, மலாக்கா, மூவார், குவாந்தான் என்று எந்த ஊருக்குப் போனாலும் ஒரு "சுவர் ஓவியச் சந்து" இருக்கிறது, பாதி இடத்தில் ஊஞ்சலும் இறக்கையும் பலூனும்தான். ஈப்போவில் 2014-இல் அவரே வரைந்தவை இருக்கின்றன, அவை தனி ரகம். மற்றதெல்லாம் படம் எடுக்க ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான்.

இந்த மனிதர் எப்போதும் இவ்வளவு இனிப்பாகவும் இருந்ததில்லை. 2013-இல் ஜொகூர் பாருவில் ஒரு சுவர் முனையில் லெகோ பொம்மைப் பெண் ஒருத்தியை வரைந்தார், கையில் விலை உயர்ந்த பை, முனை திரும்பினால் கத்தியோடு ஒரு லெகோ திருடன் காத்திருக்கிறான். மாநகர் மன்றம் வெள்ளையடித்துவிட்டது. வெள்ளையடித்த பிறகு அது நாடு முழுக்க இன்னும் அதிகமாகப் பரவியது என்பது வேறு கதை. எங்கள் வழிகாட்டித் தம்பி இதைச் சொல்லவில்லை. நானாகக் கேட்டபோது "அது ஜொகூர் கதை, நாம் பினாங்கில் இருக்கிறோம்" என்று சிரித்து நகர்ந்துவிட்டார். இந்த மாதிரிக் கதையைக் கேட்கத்தானே வழிகாட்டிக்குக் காசு கொடுப்பது?

அடுத்து லெபோ ஆ குவீ, மோட்டார்ப் பையன். பழைய மோட்டார் ஒன்று சுவரோடு நிற்கிறது, அதன்மேல் ஒரு பையன் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறான். மரக்கதவின் மேலேயே பையனை வரைந்திருக்கிறார், அதனால் கதவின் பலகைக் கோடுகள் அவன் முதுகில் ஓடுகின்றன. என் மகன் மோட்டாரில் ஏறி உட்கார்ந்துகொண்டு பையனைப் போலவே கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். அழகான படம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் இறங்கும்போது பார்த்தேன், அவன் சட்டையில் துரு. எத்தனை ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். கைபட்ட இடத்தில் சாயம் தேய்ந்து, துடைத்து எடுத்தமாதிரி மங்கியிருக்கிறது. தொட்டு விளையாடச் சொல்லித்தானே நிஜ மோட்டாரை வைத்தார்கள், தொட்டால் தேயாமல் என்ன செய்யும். லெபோ கேனனில் நாற்காலிமேல் ஏறி நின்று எட்டுகிற பையனுக்கும் இதே கதிதான், அவனைவிட நாற்காலிதான் அதிகம் உழைக்கிறது.

தேய்மானத்துக்கு ஆட்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தக் கடைவீடுகள் செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் காரை பூசியவை. தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும், சுவர் மூச்சு விடுகிறது என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். அதன்மேல் இந்தக் காலத்து எமல்ஷனோ அக்ரிலிக்கோ பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், பிறகு உப்பி, பொருமி, அப்பளம்போல் பெயர்ந்து விழும். வெயிலும் மழையும் அதன்மேல். பினாங்கு சாலையில் இருக்கிற ட்ரைஷாக்காரர் (மிதிவண்டி ரிக்ஷா ஓட்டுபவர்) ஓவியம் மங்கி, ஆள் உருவைத் தேட வேண்டியிருக்கிறது. கடல்மேல் மரக்கால் ஊன்றிக் கட்டிய வீடுகள் இருக்கிற சியூ ஜெட்டியில் படகில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் கடல்காற்றோடு போய்விட்டார்கள். துண்டுத்தாளில் மட்டும் அந்தப் படகுப் பிள்ளைகளின் படம் இன்னும் பளபளவென்று இருக்கிறது. கேட்டால் "ஓ, பழைய தாள்" என்றார் தம்பி. 65 வெள்ளிக்குத் தாளையாவது புதிதாக அச்சடிக்கக் கூடாதா?

பட்டியலில் எனக்கு உண்மையாகவே பிடித்தது லெபோ முந்திரி நீலச் சட்டைச் சிறுமி. ஒரு கட்டடத்தின் மேல்மாடி உயரத்துக்கு ஒரே ஒரு பிள்ளை, இரண்டு கையையும் இரண்டு சன்னல்களின் மேல்விளிம்பில் ஊன்றி, சுவரில் தொங்கிக்கொண்டு ஏறப் பார்க்கிறாள். தொட முடியாது, ஏற முடியாது, வரிசையும் இல்லை. எதிர்ப்பக்க அஞ்சடியில் (கடைவீட்டு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதை) நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். (முந்திரி என்றால் கொட்டை இல்லை. பேராக் மாநில லாருட் மந்திரி ஙா இப்ராஹிம் பெயரில் வந்த தெரு, மந்திரியை வெள்ளைக்காரன் முந்திரியாக எழுதி வைத்துவிட்டான். அத்தைக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் அன்று முழுக்க "மந்திரி தெரு" என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.)

அதே தெருவில் நிற்கும்போதுதான் மகன் கையைப் பிடித்து இழுத்தான். "பா, அங்க பாருங்க, கம்பில கார்ட்டூன்."

பட்டியலில் அது இல்லை. தம்பியின் மஞ்சள் குடை அதைத் தாண்டி ஏற்கெனவே போய்விட்டது. கறுப்புக் கம்பியை வளைத்து வளைத்துச் சுவரில் மாட்டிய கேலிச்சித்திரம், பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைந்த மாதிரி. ஒரு வீட்டு வேலைக்காரி ஒரே நேரத்தில் எல்லா வேலையும் பார்க்கிறாள். அந்தக் காலத்துச் சீன ஆமாக்களை, அதாவது வீட்டுப் பணிப்பெண்களைப் பற்றியது. சமையல், துவைப்பு, பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய்ச் செய்பவளுக்குக் கண்டனீசில் "ஒரே காலால் எல்லாவற்றையும் உதைப்பவள்" என்று பெயராம். அத்தை எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது எங்கம்மா கதைடா" என்றார். அவர் அம்மா கேரித் தீவுப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், ஆமா இல்லை. ஆனால் அத்தை சொன்னதில் தப்பில்லை.

இந்தக் கம்பி ஓவியங்களின் கதை சுவர் ஓவியத்துக்கும் முந்தியது. 2009-இல் மாநில அரசு போட்டி வைத்து, ஸ்கல்ப்சர் அட் வொர்க் என்ற நிறுவனம் ஜெயித்து, உள்ளூர் கேலிச்சித்திரக்காரர்களை வைத்து வரைய வைத்து, 52 இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அந்தந்தத் தெருவில் என்ன நடந்தது, யார் இருந்தார்கள் என்பதை இரண்டு வரி நையாண்டியோடு சொல்கிறது. பிரபல காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ செருப்புத் தொழில் கற்றுக்கொண்ட இடம் இதுதான் என்று ஒன்று. லெபோ கேனனில் ஒன்று, 1867 கலவரத்தில் பீரங்கிக் குண்டு போட்ட ஓட்டையைப் பற்றியது. கீ ஹின், தோ பே கோங் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்களும், இரண்டு பக்கமும் மலாய் கொடிக் கூட்டங்கள் சேர்ந்துகொண்டு, பத்து நாள் நகரத்தையே ரணகளமாக்கிய சண்டை அது. "கேனன்" (பீரங்கி) தெருவுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே அங்கே நாற்காலிப் பையனைப் படம் பிடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். முதல் நாள் நாங்களும் அதைத்தான் செய்தோம்.

இதைக் கண்டுகொண்ட பிறகு மகனுக்கு நடையில் ஆர்வமே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஓவியம் வந்தால் நின்று படம் எடுத்துக்கொள்வான், கம்பி வந்தால் ஓடுவான். குழுவோ கடைக்குள் போய்விட்டது. குளிர்சாதனம், காந்தம், சாவிக்கொத்து, ஜாதிக்காய் எண்ணெய். "பதினைந்து நிமிடம், ஃப்ரீ டைம்" என்று சொல்லி இருபத்தைந்து நிமிடம் ஆனது, அதை நேரத்தில் கழித்துக்கொள்ளவும் இல்லை. வெளியே வந்தபோது "நேரமாகிவிட்டது, ஊஞ்சலோடு முடித்துக்கொள்வோம்" என்றார் தம்பி. சூலியா தெருப் பக்கச் சந்தில் அண்ணனும் தங்கையும் ஊஞ்சலாடுகிற ஓவியம், அது லூயிஸ் கான் வரைந்தது. அதையும் "சேம் ஆர்ட்டிஸ்ட்" என்று சொல்லிவிட்டார். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நகரத்தில் இத்தனை பேர் வரைந்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஒரே ஆளின் கணக்கில் எழுதினால் மற்றவர்கள் எங்கே போவார்கள்?

பூனை ஓவியங்களையும் அப்படித்தான் விட்டுவிட்டார். 2013 விழாவுக்குத் தெருவிலங்குகளுக்காகச் சில ஓவியர்கள் சேர்ந்து வரைந்த தொகுதி அது, பூனையை உதைக்கப் போகிற புரூஸ் லீயைப் பார்த்து "நிஜப் புரூஸ் லீ இதைச் செய்யவே மாட்டார்" என்று எழுதியிருக்கும். அந்தத் தெருவிலேயே நாங்கள் மோட்டார்ப் பையனுக்காக வரிசையில் நின்றோம். திரும்பிப் பார்க்கச் சொல்ல ஆளில்லை.

மறுநாள் ஞாயிறு. நாங்களாகவே ஏழு மணிக்குக் கிளம்பினோம். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன், இந்த விமர்சனத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஏழு மணிக்குப் போங்கள். வெயில் ஏறவில்லை, கடைகள் திறக்கவில்லை, இரும்புக் கதவுகள் சாத்தியிருக்கின்றன, யாரோ ஒருவர் அஞ்சடியைக் கழுவிவிடுகிறார், சாமிமாடத்தில் ஊதுபத்தி புகைகிறது. சைக்கிள் பிள்ளைகள் முன்னால் ஒருவரும் இல்லை. படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றோம்.

எதிரே படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் விபூதி, கையில் பூப்பொட்டலம்.

"எங்கேருந்து வர்றீங்க தம்பி?"

"கிள்ளான்லேருந்து ஐயா."

"கிள்ளான்ல சுவரே இல்லையா? இவ்ளோ தூரம் சுவரப் பாக்க வந்திருக்கீங்க."

மனைவி சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். இந்தப் பக்கத்தில்தான் பிறந்து வளர்ந்தாராம், ஜெட்டியில் வேலை செய்தவர். 1999 முடிய நாற்பது வெள்ளி வாடகை, அடுத்த வருடம் வீட்டுக்காரர் கேட்டதைக் கொடுக்க முடியாமல் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். "அந்த வீடு இப்ப கோப்பிக் கடை. ஒரு கோப்பி பதினாலு வெள்ளி. நான் மூணு மாசத்துக்குக் கொடுத்த வாடகைய அங்க ஒரு மேசைல குடிச்சிட்டுப் போறாங்க." தினமும் காலையில் பேருந்தேறி லெபோ குவீன் மாரியம்மன் கோவிலுக்கு வந்துவிட்டு, பழைய தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவாராம்.

அவர் சொன்னதன் பின்னணி இது: 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டிருந்தது. குடியிருந்தவர்களுக்கு நிம்மதி, சொந்தக்காரர்களுக்குப் பழுது பார்க்கக் காசும் மனசும் இல்லை. அப்படி முப்பது வருடம் உதிர்ந்த சுவர்கள்தான் இவை. 1997-இல் சட்டத்தை நீக்கி, 2000 தொடக்கத்தில் கட்டு அவிழ்ந்ததும் ஆட்கள் காலி. சைக்கிள் பிள்ளைகளுக்கு அவ்வளவு அழகாய்ப் பொருந்துகிற அந்தப் பழைய வேட்டி நிறம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் விளையாடுகிற மாதிரி ஓவியம் நிறைய இருக்கிறது, அந்தத் தெருக்களில் காலை ஏழு மணிக்கு நிஜப் பிள்ளை ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை, எங்கள் பையனைத் தவிர. இதற்கு ஓவியரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பே வீடுகள் காலியாகத் தொடங்கிவிட்டன. ஆனால் மிச்சமிருந்த வீடுகளையும் கோப்பிக் கடையாக்கியதில் அந்தச் சைக்கிளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று பெரியவர் அடித்துச் சொன்னார், நான் எதிர்த்துப் பேசவில்லை.

கிளம்பும்போது அவர்தான் கேட்டார், "நம்மாளப் பாத்தீங்களா?" நம்மாள் என்றால் படகோட்டி. ரஷ்ய ஓவியர் யூலியா வோல்ச்கோவா வரைந்தது. பெரிய சுவர், தலைப்பாகை கட்டிய கறுத்த மனிதர், படகில் துடுப்போடு, முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் எண்ணிவிடலாம். நிஜப் படகை ஒட்டிவைக்கவில்லை, ஏறி உட்கார இடமில்லை, அதனால் வரிசையுமில்லை. துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கிய தமிழர்களை நினைத்தால் அந்த முகம் வெறும் மாதிரி முகமாகத் தெரியாது. அத்தை அதன் முன்னால் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். 65 வெள்ளி நடையில் இதற்கு நேரமில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அப்புறம் பசியாறிவிட்டு ஜாலான் குருத்வாரா பக்கம் ஹின் பஸ் டிப்போவுக்குப் போனோம். பழைய பேருந்து நிறுவனத்தின் பட்டறை, ஸக்காரெவிச் 2014 சனவரியில் தன் முதல் தனிக் கண்காட்சியை அங்கே வைத்த பிறகு கலைக்கூடமாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும், கூட்டம் உண்டு, ஆனால் சுற்றுப்பயணக் கூட்டம் இல்லை, உள்ளூர்ப் பிள்ளைகள். சுவர்களில் ஓவியத்தின்மேல் ஓவியம். அங்கே ஒரு பலகையில் ஒரு பையன் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தான். டப்பாவைக் குலுக்கும்போது உள்ளே குண்டு கடகடவென்று உருள்கிற சத்தம் என் மகனைப் பிடித்து நிறுத்திவிட்டது. மெல்லிய கோட்டுக்கு ஒரு மூடி (சாயம் பீய்ச்சுகிற முனை), தடித்த கோட்டுக்கு ஒரு மூடி, அதை மாற்றி மாற்றிப் போடுகிறான். ஒவ்வொரு முறை முடித்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு நொடி அடிக்கிறான், வெறும் காற்று வரும்வரை. ஏன் என்று கேட்டதற்கு, அப்படிச் செய்யாவிட்டால் மூக்கில் சாயம் காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்றான். கையை நீட்டிப் பிடித்தால் விளிம்பு புகைபோல் பரவுகிறது, கிட்டே கொண்டுபோனால் கூராகிறது, கிட்டே வைத்து யோசித்தால் வழிந்துவிடுகிறது. இரண்டரை மணி நேர நடையில் இல்லாத பாடம் அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்தது, காசும் வாங்கவில்லை.

"இதுதான் கிராஃபிட்டியா பா? அப்ப சைக்கிள் என்னது?" என்று மகன் கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிராஃபிட்டி அடிப்படையில் பெயர் எழுதுவது, அதனால்தான் அவர்கள் தங்களை ரைட்டர் என்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு பையன், தூதஞ்சல் கொடுக்கிற வேலை, போகிற இடமெல்லாம் டாக்கி என்று பெயரையும் தான் குடியிருந்த 183-ஆவது தெருவின் எண்ணையும் எழுதிக்கொண்டே போனான், 1971-இல் பத்திரிகையில் வந்துவிட்டான், அதைப் பார்த்து ஊரே எழுதத் தொடங்கியது. யாரிடமும் கேட்காமல் எழுதுவது அது. சைக்கிள் பிள்ளைகள் விழாக்காரர்கள் அழைத்து வரைந்தது. நம் கோலாலம்பூர் பாசார் செனி எல்.ஆர்.டி நிலையத்தை ஒட்டிய ஆற்றங்கரைச் சுவர் முதல் வகைக்குப் பக்கத்தில் வரும், ஆர்மேனியன் தெரு இரண்டாவது வகை. ஜார்ஜ் டவுனில் முதல் வகை கடைகளின் இரும்புக் கதவுகளிலும் பின்சந்துகளிலும் சிதறிக் கிடக்கிறது, அதை யாரும் வரைபடத்தில் போடுவதில்லை. கடைக்காரர்களுக்கு அது தொல்லை, நியாயம்தான். ஆனால் கிராஃபிட்டி பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்; இது பிள்ளைகளும் பூனைகளும் உள்ள ஊர். மகன் இதையெல்லாம் எந்த அளவுக்குக் கேட்டான் என்று தெரியவில்லை, தேநீர் வந்ததும் மேசைத் தாளில் தன் பெயரையும் எங்கள் வீட்டு எண் 27-ஐயும் பத்து விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில. நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் ட்ரைஷா நல்லது, ஏறுவதற்கு முன்பே எத்தனை மணி நேரம், எத்தனை வெள்ளி என்று பேசிக்கொள்ளுங்கள். நகருக்குள் இலவசமாகச் சுற்றுகிற கேட் பேருந்து இருக்கிறது, அத்தைக்கு முட்டிவலி வந்த பிறகு அதில்தான் போனோம். சியூ ஜெட்டிக்குப் போனால் அது காட்சியிடம் இல்லை, ஆட்கள் குடியிருக்கிற வீடுகள், சன்னலுக்குள் கைப்பேசியை நீட்டாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் நீட்டினார், உள்ளேயிருந்து ஒரு பாட்டி துடைப்பத்தைக் காட்டினார், அதுவும் ஒரு நல்ல காட்சியாகத்தான் இருந்தது. குடை, தண்ணீர், மாற்றுச் சட்டை. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியே வராதீர்கள்.

வழிகாட்டி நடைக்கு ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் அத்தைக்காக நின்று நின்று போன தம்பிக்கு. சைக்கிளும் மோட்டாரும் மூன்றரை. நீலச் சிறுமியும் படகோட்டியும் நாலரை. கம்பிக்கு மகன் ஐந்துக்கு ஆறு போட்டிருக்கிறான், நான் திருத்தவில்லை. அதைப் பார்க்க ஒரு சூட்சுமம் உண்டு: கம்பி சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பதால் வெயில் படும்போது சுவரில் நிழலாய் இன்னொரு ஓவியம் விழுகிறது, இரண்டும் சேர்ந்து அசைகிற மாதிரி இருக்கும். சுவர் நிழலுக்குள் போய்விட்டால் அந்த இரண்டாவது கோடு மறைந்து வெறும் கம்பி மிஞ்சும். ஆகவே தெருவுக்குள் நுழைந்ததும் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கச் சுவரை முதலில் முடித்துவிடுங்கள்.